ஆகஸ்ட் மாதத்துக் காசோலை

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதத் தொடக்கத்தில் வந்துவிடுகிறது. 2024இல் மே 6, 2025இல் மே 8. எங்கள் ஊர் அறக்கட்டளை பெண்பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கும் விழா ஆகஸ்ட் 15 அன்று நடக்கும். காலையில் கொடியேற்றம், பத்தரைக்கு மண்டபத்தில் விழா. நடுவில் இருக்கிற மூன்று மாதத்தை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. தலைமை தாங்க ஆளைப் பிடிக்க வேண்டும், நோட்டீஸ் அடிக்க வேண்டும், கேடயத்துக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும், பள்ளிக்கூடங்களிலிருந்து மதிப்பெண் பட்டியல் வாங்க வேண்டும். இதற்கெல்லாம் நாள் வேண்டாமா என்பதுதான் எல்லோர் எண்ணமும். அந்த மூன்று மாதத்துக்குள்தான் ஒரு பெண்ணின் மிச்ச வாழ்க்கை முடிவாகிறது என்பது என் வாதம். கூட்டங்களில் துண்டு துண்டாகச் சொல்லிப் பார்த்தேன். வரவுசெலவுக் கணக்கு வாசித்து, டீ வந்து, அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுவார்கள். முழுசாகச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஊர் திண்டுக்கல் மாவட்டம், வேடசந்தூர் பக்கம். மழையை நம்பிய காடு, கொஞ்சம் கிணற்றுப் பாசனம், மிச்சமெல்லாம் நூற்பாலைகள். அறக்கட்டளை பழசு. காய்கறிச் சந்தையில் கமிஷன் கடைக்காரர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கி வைத்த மகமைப் பணத்தில் தொடங்கியது. முதலில் கோயில் திருப்பணிக்குப் போனது, பிறகு தண்ணீர்ப் பந்தலுக்குப் போனது, அப்புறம் படிப்புக்கு என்று திரும்பியது. அதிலும் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று முடிவெடுத்த அந்தக் காலத்துக் கடைக்காரர்களில் பலர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். அந்த முடிவுக்காக இன்றைக்கும் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். நான் இங்கே வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். கணக்கு, காசோலை, ஆதார் இணைப்பு எல்லாம் தெரிந்த ஆள் ஒருத்தர் இருக்கட்டும் என்று என்னைத் தேர்வுக் குழுவில் சேர்த்தார்கள்.

விழாவை நீங்கள் எல்லோரும் ஏதாவது ஒரு ஊரில் பார்த்திருப்பீர்கள். மேடைக்குப் பின்னால் பிள்ளைகளின் பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கிப் போட்ட பிளெக்ஸ், அதைவிடப் பெரிதாகத் தலைவர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் பள்ளிச் சீருடையிலேயே ஒரு பெண் படியேறி வருவாள். மதிப்பெண்ணை வாசிப்பார்கள், கை தட்டுவார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. ‘தகப்பனார் சுமை தூக்கும் தொழிலாளி, தாயார் நூறு நாள் வேலைக்குப் போகிறார், ஓலைக் கொட்டகையில் தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்து’ என்று ஒலிபெருக்கியில் போகும்போது அந்தப் பெண் தரையைப் பார்ப்பாள். கீழே உட்கார்ந்திருக்கும் அவள் வகுப்புத் தோழிகளும் தரையைத்தான் பார்ப்பார்கள். கொடுக்கிறவர்கள் மனசில் துளி கெடுதல் கிடையாது, எனக்குத் தெரியும். ஆனாலும் பதினேழு வயசுப் பெண்ணின் வீட்டு நிலவரத்தை ஊரைக் கூட்டி வாசிக்க நமக்கு உரிமை கிடையாது. நாங்கள் கொடுக்கிற பத்தாயிரம் ரூபாய்க்கு அந்த உரிமை வராது.

முதல் மதிப்பெண்

தேர்வுக் குழு என்று பெயர்தான். தேர்ந்தெடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. பள்ளிக்கூடங்களிலிருந்து வரும் பட்டியலை மதிப்பெண் வரிசைப்படி அடுக்கி, மேலே இருந்து கோடு போடுவார்கள். மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கிற வழக்கத்தைத் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை 2017இலேயே நிறுத்திவிட்டது. பிள்ளைகளின் மேல் விழுகிற பாரம் போதும் என்றுதான் நிறுத்தினார்கள். பிறகு 1200 மதிப்பெண்ணும் 600 ஆகிவிட்டது. ஊர் விழாக்கள் மட்டும் இன்னும் பழைய கணக்கிலேயே ஓடுகின்றன. பள்ளி முதல் மாணவி, ஊர் முதல் மாணவி, ஒன்றியத்தில் முதல் மாணவி என்று தேடிப் பிடித்துக் கொடுக்கிறார்கள். அதன் விளைவை நான் கவுன்ட்டரில் உட்கார்ந்தே பார்க்கிறேன். முதல் மதிப்பெண் எடுத்த பெண்ணின் கணக்கில் பெற்றோர் ஆசிரியர் கழகப் பரிசு, வியாபாரிகள் சங்கப் பரிசு, சாதிச் சங்கத்தின் கல்வி நிதி, கோயில் கமிட்டி, நகைக்கடை என்று வரிசையாக வந்து விழும். பெரும்பாலும் அந்தப் பெண்ணின் அப்பாவோ அம்மாவோ மாதச் சம்பளக்காரராக இருப்பார். அது அவள் குற்றமில்லை, உழைத்துத்தான் எடுத்தாள். ஆனால் அவளுக்கு அடுத்து பத்தாவது இடத்தில் இருக்கிற பெண்ணுக்கு எந்தக் கதவும் திறப்பதில்லை.

2023இல் எங்கள் மாவட்டத் தலைநகரிலேயே, தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகள் 600க்கு 600 வாங்கினாள். அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளி மாணவி. தமிழ்நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். எங்கள் கிளையில் அன்றைக்கு வந்த ஒவ்வொரு அம்மாவும் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேசினார்கள். தச்சு வேலை செய்கிறவர் மகளால் முடிகிறது என்றால் நம் பிள்ளையாலும் முடியும் என்று அவர்கள் நினைத்ததற்கு விலையே கிடையாது. நான் கவலைப்படுவது 480 வாங்குகிற பெண்ணைப் பற்றி. 600ஐத் தேடிக்கொண்டு உதவி வீடு வரைக்கும் வரும். 480 வாங்கியவள்தான் உதவியைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. எந்த வாசலுக்குப் போவது என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

தேர்ச்சி பெறுவதில் பெண்களுக்குச் சிக்கலே இல்லை. 2024 பிளஸ் டூவில் மாணவிகள் 96.44 சதவீதம் தேறினார்கள், மாணவர்கள் 92.37. ஒவ்வொரு வருஷமும் ‘வழக்கம்போல மாணவிகளே அதிகம்’ என்று செய்தி வருகிறது. அதாவது பரீட்சை என்கிற தடையை அவர்கள் தாண்டிவிட்டார்கள். தடுக்கி விழுகிற இடம் பரீட்சைக்கு அப்புறம் வருகிறது. அந்த இடத்தில் எந்த மேடையும் போடப்படுவதில்லை.

ஒரு ஜூன் மாதம்

இது புதுமைப்பெண் திட்டம் வந்த பிறகு நடந்தது. அரசுப் பெண்கள் பள்ளியிலிருந்து வந்த பட்டியலில் வணிகவியல் பிரிவு மாணவி ஒருத்தியின் பெயர் மேலே இருந்தது. கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டாள், பத்தாயிரம் அவளுக்கு உறுதி. பிளெக்ஸுக்கு போட்டோவும், வங்கிப் புத்தகத்தின் ஜெராக்ஸும் வாங்கி வரும்படி செயலாளர் ஐயா என்னிடம் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன்.

திண்ணையில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மில்லுக்கு ஆள் சேர்த்துவிடுகிறவர். எங்கள் பக்கத்தில் இவர்களைத் தெரியாத வீடு கிடையாது. ஒரு காலத்தில் சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்றெல்லாம் பெயர் வைத்துக் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட நூற்பாலைகளுக்கு இளம்பெண்களைக் கூட்டிப் போனார்கள். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்க்க வேண்டும், முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தமாக ஒரு தொகை. இடையில் விட்டுவிட்டு வந்தால் அந்தத் தொகையில் கைவைப்பார்கள். அதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று, போராட்டமும் நடந்தது, பெயர்களும் மறைந்தன. இப்போது வருகிறவர்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. படிப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்: “பாப்பா மில்லுல இருந்துக்கிட்டே தபால்ல டிகிரி முடிச்சிரலாம்மா. பீஸு மில்லே கட்டிரும். சாப்பாடு, தங்கறது எல்லாம் அவங்க பொறுப்பு. இப்பவே அட்வான்ஸ் அஞ்சாயிரம். திங்கக்கிழமை காலையில வேன் வாசலுக்கே வந்துரும்.”

அவர் கிளம்பின பிறகு அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். மூத்த பெண் ஏற்கெனவே அதே மில்லில் இருந்தாள். இளையவளுக்குத் திண்டுக்கல் எம்.வி. முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்திருந்தது. இ-சேவை மையத்தில் ஐம்பது ரூபாய் கட்டி அவளே விண்ணப்பித்து, கலந்தாய்வுக்கும் அம்மாவோடு போய் இடம் வாங்கியிருக்கிறாள். சேர்க்கைக் கட்டணம் மூவாயிரத்துக்குள்தான். ஆனால் அவர்கள் கிராமத்திலிருந்து நேர்ப் பஸ் இல்லை. பெண்களுக்கு இலவசமான டவுன் பஸ்ஸில் பாதித் தூரம், பிறகு புறநகர்ப் பஸ்ஸில் காசு கொடுத்து மீதித் தூரம். சாயங்காலம் திரும்பும்போது கடைசி வண்டியைத் தவறவிட்டால் ஊர் வந்து சேர வழியில்லை. அரசு விடுதியில் இடம் வருவதற்குக் கல்லூரி திறந்து கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் தனியார் விடுதியில் தங்க முன்பணம் கேட்டார்கள். எல்லாம் சேர்த்து எட்டாயிரம் வந்தது. எட்டாயிரம் ரூபாய், ஜூன் மாதம், திங்கட்கிழமைக்குள்.

“உங்க பணம் எப்பங்க மேடம் வரும்?” என்று அந்த அம்மா கேட்டார்.

“ஆகஸ்ட் பதினஞ்சும்மா. விழாவுல கொடுப்பாங்க.”

அவர் விரலை மடக்கி எண்ணினார். “அதுவரைக்கும் இவளை வீட்டுல வெச்சுக்கிட்டு நான் என்னங்க செய்யறது? ஏன் சும்மா இருக்கா, ஏன் சும்மா இருக்கான்னு எங்க நாத்தனார் இப்பவே ஒரு பையனைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருச்சு.”

நான் தருகிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். “உங்ககிட்ட கடன் வாங்கிட்டா அப்புறம் பேங்க்குக்கு நான் எப்படிங்க வருவேன்?” என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு வற்புறுத்த முடியவில்லை. வாசலில் நின்றே செயலாளர் ஐயாவுக்குப் போன் போட்டேன். அவரும் வருத்தப்பட்டார். ஆனால் அறக்கட்டளைப் பணத்தை எடுக்கக் குழு கூட வேண்டும், தீர்மானம் போட வேண்டும், இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், பொருளாளர் மகள் பிரசவத்துக்காக வெளியூர் போயிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் நடக்கிற காரியமில்லை. அந்தப் பெண் உள்ளே கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போட்டோவை மட்டும் மறக்காமல் எடுத்து வந்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை வேன் வந்தது.

ஆகஸ்டில் விழா நடந்தது. பிளெக்ஸில் அவள் படம் இருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் அவள் அப்பா மேடையேறினார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மகள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அவர் சொன்னதும், ‘படிப்போடு குடும்பத்தையும் தாங்குகிறாள்’ என்று ஒலிபெருக்கியில் பாராட்டினார்கள். கேடயத்தையும் காசோலையையும் வாங்கிக்கொண்டு இறங்கினார்.

செப்டம்பரில் அதே காசோலையோடு எங்கள் கவுன்ட்டருக்கு வந்தார். காசோலை மகள் பெயரில். அவளுடைய கணக்கு பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உதவித்தொகைக்காகத் திறந்த மைனர் கணக்கு, காப்பாளர் அவர்தான். ஆனால் அவளுக்கு அந்த மாதம் முதல் வாரத்தில் பதினெட்டு முடிந்திருந்தது. பதினெட்டு முடிந்தால் காப்பாளர் கையெழுத்து செல்லாது. அவளே நேரில் ஆதாரோடும் போட்டோவோடும் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு நடமாடும். மில் விடுதியிலிருந்து அவளால் எப்போது வர முடியும்? தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. பொங்கலுக்குத்தான் வந்தாள். வங்கிக் காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம், 2012 ஏப்ரலிலிருந்து அப்படித்தான். அவள் வந்தபோது அது வெறும் தாள். அறக்கட்டளையில் பேசிப் புதுக் காசோலை வாங்கினோம். அதற்கு மட்டும் தீர்மானம் சீக்கிரம் வந்தது.

கணக்கைச் சரிசெய்ய அவள் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். பஞ்சுத் தூசிக்குத் தொண்டை கமறுகிறது என்று இருமிக்கொண்டே படிவத்தை நிரப்பினாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. எல்லாம் முடிந்து எழுந்திரிக்கும்போது குரலைத் தாழ்த்தி, “மேடம், இந்தப் பணத்தை வீட்டுல யாரும் எடுக்க முடியாத மாதிரி போட்டு வைக்க முடியுங்களா? என் கையெழுத்து இல்லாம எடுக்கக் கூடாது” என்று கேட்டாள். வைப்புத்தொகையாகப் போட்டுக் கொடுத்தேன். நாமினியாக அக்கா பெயரைச் சொன்னாள். அந்த ரசீதைச் சுடிதார்ப் பைக்குள் நாலாக மடித்து வைத்துக்கொண்டு போனாள்.

பத்தாயிரம் ரூபாயை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தோம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். தன் பெயரில், தன் கையெழுத்தில், தனக்கென்று ஒரு பணம் இருப்பதைத்தான் அவள் பெரிதாக நினைத்தாள். ஏழு மாதம் தாமதமாகக் கிடைத்தும் அதற்கு அவ்வளவு மதிப்பு இருந்தது என்றால், ஜூன் மாதம் அந்தத் திண்ணையில் அது இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது.

ஒரே வாசலுக்கு வரும் மூன்று பணம்

பெண்ணுக்குப் பதினேழு, பதினெட்டு ஆகும்போது அவள் பெயரைச் சொல்லி வீட்டுக்கு மூன்று விதமான பணம் வருகிறது. வேலைக்கான அட்வான்ஸ், கல்யாணத்துக்கான உதவி, படிப்புக்கான உதவி. எது முதலில் வாசலுக்கு வருகிறதோ அது ஜெயிக்கிறது. மில்காரருக்கு இது தெரிந்திருக்கிறது; அவர் மே மாதமே வருகிறார். எங்களைப் போன்ற அறக்கட்டளைகள் மற்ற அறக்கட்டளைகளோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன, யார் பெரிய தொகை, யார் பெரிய கேடயம் என்று. உண்மையான போட்டி அந்த ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸோடுதான்.

அரசாங்கம் இதை ஒருவகையில் புரிந்துகொண்டு திரும்பியது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண நிதியுதவித் திட்டம் வந்தபோது, எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். படிக்க வைத்தால்தான் பணம் என்ற நிபந்தனைக்காகவே பல பெண்கள் கூடுதலாகப் படித்தார்கள், அதை மறக்கக் கூடாது. பிறகு தகுதி பத்தாம் வகுப்பானது, தொகை 25,000 ஆனது, பட்டம் பெற்றவர்களுக்கு 50,000. 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது, 2016இல் அது 8 கிராம் ஆனது. அந்தத் தங்கம் சில மாதங்களில் நகைக்கடனுக்கு எங்கள் கிளைக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2022 மார்ச் பட்ஜெட்டில் அந்தத் திட்டத்தையே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றி 698 கோடி ஒதுக்கினார்கள். செப்டம்பர் 5 அன்று புதுமைப்பெண் என்ற பெயரில் தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், படிப்பு முடிகிறவரை மாதம் 1,000 ரூபாய் நேராக அவள் கணக்குக்கு. 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) சிறுவயதில் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் விற்கப்பட்டவர் என்று அவர் வரலாற்றில் வருகிறது. அப்படி விற்கப்பட்டவர்தான் வளர்ந்து தேவதாசி முறையை எதிர்த்துக் கடைசிவரை போராடினார். சென்னை மாகாணத்தில் அந்த முறையைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. அவர் பெயரில் வருகிற பணம் கல்யாண மண்டபத்துக்குப் போகாமல் ஒரு பெண்ணின் சொந்தக் கணக்குக்குப் போவதுதான் பொருத்தம் என்று நான் நம்புகிறேன். தொகை சின்னதுதான். ஆனால் ஆயிரம் ரூபாய் மாதா மாதம் என்ன வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் கூட்டமாக வந்து பாஸ்புக்கில் வரவு போட்டுப் பார்ப்பார்கள். ஐந்நூறு எடுப்பார்கள், மிச்சத்தை விட்டு வைப்பார்கள். ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் “என்கிட்டதாங்க” என்று அழுத்திச் சொல்வார்கள். கல்லூரியை விட்டால் அந்தப் பணம் நின்றுவிடும் என்பதால், இரண்டாம் வருஷத்தில் ‘போதும், வரன் வந்திருக்கிறது’ என்று பேச்சு வரும்போது வீட்டில் ஒரு நிமிஷம் யோசிக்கிறார்கள். ஒருமுறை கொடுக்கிற பரிசுக்கு அந்த வலு கிடையாது.

அதிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். சரிபார்த்துப் பணம் வரச் சில மாதங்கள் ஆகும். மத்திய அரசின் பிரகதி உதவித்தொகை வருஷத்துக்கு 50,000, பெரிய தொகை. ஆனால் அது தொழில்நுட்பப் படிப்புகளுக்கு. பி.ஏ. தமிழுக்கும் பி.எஸ்ஸி. கணிதத்துக்கும் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. இந்தத் திட்டங்கள் எல்லாமே கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே வந்தவளைத்தான் பிடித்துக்கொள்கின்றன. வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுகிற வேலை உள்ளூர்க்காரர்களுடையது. சென்னையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு எந்தத் தெருவில் எந்தத் திண்ணையில் மில் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

இதற்கு முன்னோடி வெளியே தேட வேண்டியதில்லை. விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலாவுக்கு வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துத் திரட்டினார்கள். காமராஜர் அங்கே படித்தவர். அந்தப் பிடி அரிசி முதல் மதிப்பெண் வாங்கியவனுக்கு என்று எடுத்து வைத்ததில்லை. பள்ளிக்கூடம் நாளைக்கும் நடக்க வேண்டும் என்பதற்காக எடுத்து வைத்தது. எங்கள் மகமையும் அதே வழியில் வந்ததுதான். எங்கேயோ நடுவில் கேடயத்தின் பக்கம் ஒதுங்கிவிட்டோம்.

இப்போது செய்வது

அந்தக் காசோலைக்குப் பிறகு குழுவில் நிறையப் பேசினோம். சத்தமும் போட்டோம். கடைசியில் தொகையில் பாதியை மே மாதக் கடைசிக்குள் கொடுப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். யாருக்கு என்பதை மதிப்பெண் மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. பிப்ரவரியிலேயே வகுப்பாசிரியர்களிடம் போய், ‘ரிசல்ட் வந்தால் கல்லூரிக்குப் போக மாட்டாள் என்று நீங்கள் பயப்படுகிற பெண் யார்?’ என்று கேட்கிறோம். இந்தக் கேள்விக்கு அவர்கள் பட்டியலைப் பார்ப்பதில்லை, உடனே பெயர் சொல்கிறார்கள். யார் தங்கையைப் பார்த்துக்கொள்ள அடிக்கடி லீவு எடுக்கிறாள், யாருக்கு வீட்டில் வரன் பேச்சு ஓடுகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்துத்தான் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாங்களும் வீட்டுக்குப் போகிறோம், ஆனால் போட்டோ எடுப்பதில்லை, வருமானத்தைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பதில்லை.

இன்னொரு வேலை கணக்கு. ஜனவரியிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒவ்வொரு பெண்ணின் கணக்கையும் பார்த்துவிடுகிறோம். பெரும்பாலோருக்கு இரண்டு வங்கியில் கணக்கு இருக்கும். ஒன்று ஆரம்பப் பள்ளியில் திறந்தது, மற்றொன்று பின்னால் திறந்தது. அரசு நேரடியாகப் போடும் பணம், ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் போகும். பிள்ளை ஒரு பாஸ்புக்கை வைத்துக்கொண்டு பணம் வரவில்லை என்று அழுதுகொண்டிருப்பாள்; பணம் வேறொரு கிளையில் மூன்று மாதமாகக் கிடக்கும். பதினெட்டு எப்போது முடிகிறது என்று தேதி குறித்து, அன்றைக்கே வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறோம். இதைப் படிக்கிற வங்கி ஊழியர்கள் தங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு மத்தியானம் ஒதுக்கினால் போதும், ஒரு பைசா செலவில்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் மார்ச்சுக்குள் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மே மாதம் இ-சேவை மையத்தில் நிற்கிற வரிசையில்தான் பாதிப் பேர் சோர்ந்து போகிறார்கள்.

ஆகஸ்ட் விழா தொடர்ந்து நடக்கிறது. மீதிப் பாதி அங்கேதான் கொடுக்கப்படுகிறது. மேடை இல்லாவிட்டால் நன்கொடை வராது என்று செயலாளர் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது; கமிஷன் கடைக்காரர் ஒருவர் தன் அம்மா பெயரில் கொடுக்கும்போது அந்தப் பெயரைப் பத்துப் பேர் முன்னால் கேட்க ஆசைப்படுவதை நான் தப்பு சொல்ல மாட்டேன். பெற்றோர் தொழிலை வாசிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். இப்போது பிள்ளை என்ன படிக்கிறாள், எந்தக் கல்லூரி என்று வாசிக்கிறார்கள். மேலே வருகிறவள் நிமிர்ந்து வருகிறாள்.

தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. போன வருஷம் மே மாதத்தில் பணம் வாங்கிய பெண்களில் ஒருத்தி கல்லூரியில் சேரவில்லை. ஜூலையில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. பதினெட்டு முடிந்திருந்தது, யாரும் எதுவும் செய்ய முடியாது. பணம் கல்யாணச் செலவில் கரைந்துவிட்டது. நன்கொடையாளர்கள் சிலர் கோபப்பட்டார்கள். இனி மே மாதப் பணம் கொடுக்கும்போது பெற்றோரிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்க வேண்டும், கல்லூரியில் சேராவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டு வந்திருக்கிறார்கள். முத்திரைத்தாளில், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு.

நான் அதை ஏற்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் அந்த மூட்டை தூக்குகிற அப்பா எங்கள் பணத்தை வாங்க வரவே மாட்டார். எதையும் எழுதி வாங்காமல் திண்ணையில் வந்து அட்வான்ஸ் வைக்கிற மில்காரரிடம்தான் போவார். பத்துப் பேரில் ஒருத்தி சேராமல் போகலாம், அந்த ஐயாயிரத்தை இழக்க அறக்கட்டளையால் முடியும். மற்ற ஒன்பது பேரை இழக்க முடியாது. கல்யாணமான அந்தப் பெண் இப்போதும் பதினெட்டு வயசுக்காரிதான். அவள் கணவர் வீடு பக்கத்து ஒன்றியத்தில்தான் இருக்கிறது. அடுத்த வருஷச் சேர்க்கைக்கு அவளிடமும் ஒரு விண்ணப்பத்தைக் கொடுக்கலாம் என்று அவளுடைய வகுப்பாசிரியரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். பத்திரத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தால் எதிர்த்து வாக்களிப்பேன் என்று செயலாளர் ஐயாவிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். கூட்டம் தை மாதம்.